‘இன்னும் ஒரு வாய்’ என்று கெஞ்ச வேண்டாம்

2015ஆம் ஆண்டு பிக்ஸார் நிறுவனம் வெளியிட்ட ‘இன்சைட் அவுட்’ அனிமேஷன் படத்தில் ரைலி என்ற சின்னக் குழந்தைக்கு அப்பா புரோக்கோலி ஊட்ட வருவார். குழந்தை முகத்தைச் சுளித்துக் கிண்ணத்தைத் தட்டிவிடும். ஜப்பானில் திரையிட்ட பிரதியில் புரோக்கோலி இல்லை; அந்த இடத்தில் பச்சைக் குடைமிளகாய் வந்தது. ஜப்பானியப் பிள்ளைகளுக்குப் புரோக்கோலியிடம் பகை கிடையாது, குடைமிளகாயைக் கண்டால்தான் ஆகாது என்று தெரிந்து படக்குழுவே அதை மாற்றியது. அதே காட்சியைத் தமிழ் வீட்டில் எடுத்தால் கரண்டியில் பாகற்காய் இருக்க வேண்டுமா, கத்திரிக்காயா, வெண்டைக்காயா என்பதற்கு ஒவ்வொரு தாயிடமும் ஒரு பதில் இருக்கும்.

காய்க்கு முகம் சுளிக்காத குழந்தை எந்த நாட்டிலும் இல்லை. ஆனால் எந்தக் காய்க்குச் சுளிக்கிறது என்பது அந்தந்த ஊர் அடுப்படியைப் பொறுத்து மாறுகிறது. நாக்கோடு பிறந்தது பாதி, பழகி வந்தது பாதி. பழகி வந்த அந்தப் பாதியில்தான் பெற்றோருக்கும் பள்ளிக்கும் அரசுக்கும் வேலை இருக்கிறது. அந்த வேலையை நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம்.

ஒன்றரை, இரண்டு வயதில் பிள்ளை திடீரென்று சாப்பாட்டைக் குறைத்துவிட்டது என்று பதறாத வீடு அரிது. முதல் ஆண்டில் குழந்தையின் எடை பிறந்ததைப் போல் மூன்று மடங்காகிறது. இரண்டாம் ஆண்டில் கூடுவது ஏறக்குறைய இரண்டரைக் கிலோதான். வளர்ச்சியின் வேகம் இப்படித் தணியும்போது பசியும் தணிவது இயற்கை. நடக்கவும் ஓடவும் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு உட்கார்ந்து சாப்பிடுவதில் நாட்டமும் குறைகிறது. அதே சமயத்தில்தான் புதிய உணவைக் கண்டு அஞ்சும் குணமும் தலைதூக்குகிறது. இரண்டு முதல் ஆறு வயது வரை அதன் உச்சம். கண்டதையும் எடுத்து வாயில் போடும் வயதில் விஷக்காயும் விஷச்செடியும் வயிற்றுக்குள் போகாமல் காக்க அமைந்த தற்காப்பு இது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படிப் பார்த்தால், அறிமுகமில்லாத பச்சை நிறப் பண்டத்தைத் துப்பும் பிள்ளை தன் உடம்பு சொல்வதைத்தான் கேட்கிறது.

இதில் பரம்பரைக்கும் பெரிய பங்கு உண்டு. பிரிட்டனில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டையர் ஜோடிகளை வைத்து 2007இல் வெளியான ஆய்வு, புது உணவைக் கண்டு தயங்கும் குணத்தில் பிள்ளைக்குப் பிள்ளை காணும் வேறுபாட்டில் 78 விழுக்காட்டுக்கு மரபணுவே காரணம் என்று கணக்கிட்டது. ‘வளர்ப்பு சரியில்லை’, ‘செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள்’ என்று மருமகளைக் குறை சொல்லும் வீடுகளில் இந்த எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டலாம். மூத்தது எதைக் கொடுத்தாலும் தின்னும், இளையது எதைக் கொடுத்தாலும் ஓரங்கட்டும். இரண்டையும் வளர்த்தது ஒரே தாய்தான்.

ஆனால் மரபணு வந்துவிட்டது என்பதற்காக வழி அடைபட்டுவிடவில்லை. அடைப்பவர்கள் நாம்தான், நம்முடைய அவசரத்தால்.

நம் வீடுகளின் ஆயுதங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. முதலில் கெஞ்சல்: இன்னும் ஒரு வாய், ஒரே ஒரு வாய். அடுத்து மிரட்டல்: பூச்சாண்டி, போலீஸ்காரர், ஊசி போடும் டாக்டர். அதற்கும் மசியாவிட்டால் லஞ்சம்: இந்தப் பொரியலை முடித்தால் ஐஸ்கிரீம். கடைசியில் கைப்பேசி. திரையில் கார்ட்டூன் ஓட, வாய் தானாகத் திறக்கிறது; என்ன தின்றோம் என்று பிள்ளைக்கே தெரியாமல் கிண்ணம் காலியாகிறது. சில பிள்ளைகள் சோற்றைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இந்த ஆயுதங்கள் எதிர்விளைவைத் தருகின்றன என்பது ஊகம் அல்ல. குழந்தைகளின் உணவுப் பழக்கத்தை வாழ்நாள் ஆய்வாக எடுத்துக்கொண்ட அமெரிக்க உளவியலாளர் லீயன் பர்ச்சும் அவருடைய சகாக்களும் 2006இல் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு வகை காய்கறி சூப் கொடுத்தார்கள். ஒன்றைக் கொடுக்கும்போது ‘சூப்பைக் குடித்து முடித்துவிடு’ என்று மென்மையாகத்தான், ஆனால் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மற்றொன்றுக்கு எதுவும் சொல்லவில்லை. வற்புறுத்திய சூப்பைப் பிள்ளைகள் குறைவாகக் குடித்தார்கள், அதைப் பற்றிக் குறையும் அதிகம் சொன்னார்கள். அதட்டல் இல்லை, அடி இல்லை, வெறும் நினைவூட்டல்தான். அதற்கே இந்த விளைவு என்றால் மூக்கைப் பிடித்து ஊட்டுவதற்கு என்ன விளைவு இருக்கும்?

லஞ்சமும் அப்படித்தான். பர்ச் 1984இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வில், புதுச் சுவையுள்ள பானம் ஒன்றைக் குடித்தால் பரிசு என்று பிள்ளைகளிடம் சொன்னார்கள். குடித்தார்கள். பிறகு அந்தப் பானத்தின் மீதிருந்த விருப்பமே குறைந்துபோனது. பரிசு கொடுத்துத் தின்ன வைக்கும் பண்டம் நல்லதாக இருக்காது என்று நான்கு வயதுக்கே புரிந்துவிடுகிறது. ‘கீரை சாப்பிட்டால் ஐஸ்கிரீம்’ என்ற ஒப்பந்தத்தில் ஐஸ்கிரீம் உயர்ந்த பண்டம், கீரை தண்டனை என்ற பாடத்தை நாமே கற்றுக்கொடுக்கிறோம். ருசி பார்த்ததற்கு ஒரு ஸ்டிக்கர், ஒரு பாராட்டு என்பது வேறு. லண்டன் ஆய்வாளர்கள் அது பலன் தருவதாகவே கண்டார்கள். உணவுக்குத் தின்பண்டத்தைப் பரிசாக வைப்பதுதான் கூடாது.

சரி, விட்டுவிட்டால் பிள்ளை தானாகவே தேர்ந்து தின்னுமா? கிளாரா டேவிஸ் என்ற குழந்தை மருத்துவர் 1926இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் தொடங்கிப் பின்னர் சிகாகோவில் தொடர்ந்த சோதனையை இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். அப்போதுதான் தாய்ப்பால் மறந்த 15 குழந்தைகள். அவர்களுக்காக 34 உணவுகள் அடங்கிய பட்டியல்: பீட்ரூட், கேரட், முட்டைக்கோஸ், கீரை, தக்காளி, வாழைப்பழம், ஆரஞ்சு, இறைச்சி, முட்டை, பால், தானியம். செவிலியர் தட்டுகளை முன்னால் வைப்பார். குழந்தை கை நீட்டினால் மட்டுமே கரண்டியில் எடுத்துத் தருவார். ‘இதைச் சாப்பிடு’ என்றும் சொல்லக் கூடாது, ‘நல்ல பிள்ளை’ என்றும் சொல்லக் கூடாது. ஒவ்வொரு குழந்தையும் விசித்திரமான கலவைகளைத் தின்றது. எந்த இரண்டு குழந்தைகளின் உணவும் ஒன்றுபோல் இல்லை. ஆனாலும் எல்லோரும் நன்றாக வளர்ந்தார்கள். கணைநோயோடு வந்த ஒரு குழந்தை, தன் முன்னால் வைத்த மீன் எண்ணெயை நோய் தீரும்வரை தானாகவே குடித்தது.

இந்தச் சோதனையைக் காட்டி ‘பிள்ளை கேட்பதைக் கொடுத்தால் போதும்’ என்று வாதிடுபவர்கள் உண்டு. டேவிஸ் அப்படிச் சொல்லவில்லை. சூட்சுமம் பட்டியலில் இருக்கிறது என்று அவரே எழுதினார். அதில் சர்க்கரை இல்லை, பிஸ்கட் இல்லை, பாக்கெட் நொறுக்குத் தீனி இல்லை. எதை எடுத்தாலும் நல்ல உணவுதான் என்ற நிலையைப் பெரியவர்கள் முதலில் உண்டாக்கினார்கள்; பிறகுதான் தேர்வு குழந்தையின் கைக்குப் போனது. என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும், எவ்வளவு சாப்பிடுவது, சாப்பிடுவதா வேண்டாமா என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும் என்று அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் எலின் சாட்டர் பிற்காலத்தில் சொன்னதும் இதே அடிப்படையில்தான்.

நம் வீடுகளில் இந்த வேலைப் பிரிவினை தலைகீழாக இருக்கிறது. என்ன சாப்பிடுவது என்பதைப் பிள்ளை முடிவு செய்கிறது. எவ்வளவு என்பதை அம்மா முடிவு செய்கிறார். பதினொரு மணிக்கு இரண்டு கிரீம் பிஸ்கட்டும் ஒரு டம்ளர் பாலும் உள்ளே போனால் பன்னிரண்டரைக்கு அவரைக்காய்ப் பொரியலைப் பார்க்கப் பசி எங்கிருந்து வரும்? பால் நல்லதுதான், ஆனால் நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போனால் மற்ற உணவுக்கு வயிற்றில் இடமிருக்காது, இரும்புச்சத்தும் குறையும். அந்தப் பாலில் கலக்கும் மாவும் காய்க்கு ஈடாகாது. ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற வகையே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இல்லை என்று சொல்லி, அந்தத் தலைப்பின் கீழ் இத்தகைய பானங்களை விற்க வேண்டாம் என இணைய வணிக நிறுவனங்களுக்கு மத்திய வணிக அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது. பழச்சாறும் பழம் ஆகாது. ஒரு வயதுக்குள் அது வேண்டவே வேண்டாம், மூன்று வயது வரை ஒரு நாளைக்கு 120 மில்லிக்கு மேல் கூடாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் பரிந்துரை.

பட்டியலைத் திருத்தியாகிவிட்டது. அடுத்து என்ன? திரும்பத் திரும்ப வைக்க வேண்டும். இதற்கு மிஞ்சிய வழியை ஆய்வாளர்கள் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. ஒரு காயைக் குழந்தை ஏற்றுக்கொள்ள எட்டு முதல் பதினைந்து முறை அதன் ருசி நாக்கில் பட வேண்டியிருக்கும். பெரும்பாலான வீடுகளில் நான்காவது முறையோடு ‘இவனுக்குப் பிடிக்காது’ என்று முத்திரை குத்திவிடுகிறோம். லண்டனில் ஜேன் வார்டில் குழு 2003இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைக்கு அவ்வளவாகப் பிடிக்காத ஒரு காயைத் தேர்ந்து, பதினான்கு நாள் தினமும் ஒரு துண்டு ருசி பார்க்க மட்டும் கொடுக்குமாறு பெற்றோரிடம் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளிடம் விருப்பமும் கூடியது, சாப்பிடும் அளவும் கூடியது. காய்கறியின் நன்மைகளை விளக்கும் தாளை மட்டும் பெற்றுக்கொண்ட வீடுகளில் அந்த முன்னேற்றம் இல்லை. நமக்குத் தகவல் போதாமல் இல்லை, பொறுமைதான் போதவில்லை.

ஒரு துண்டு என்றால் உண்மையாகவே ஒரு துண்டுதான். தட்டில் குவித்து வைத்த காயைப் பார்த்தாலே சின்னப் பிள்ளைக்கு மலைப்பு வரும். இரண்டு வயதுக்கு இரண்டு மேசைக்கரண்டி, மூன்று வயதுக்கு மூன்று என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்லும் எளிய அளவு. அதையும் பிசைந்து சோற்றுக்குள் புதைக்காமல் தனியாக வைத்தால் பிள்ளை காயை அடையாளம் காணும். சாம்பாரில் கரைந்து உருத் தெரியாமல் போன பூசணியிடம் எந்தப் பிள்ளையும் நட்பு கொள்ள முடியாது. கேரட், பீட்ரூட், மஞ்சள் பூசணி போன்ற இனிப்புள்ள காய்களிலிருந்து தொடங்கலாம். வெண்டைக்காயில் பிள்ளைகளை விரட்டுவது அதன் வழவழப்புதான். கழுவித் துடைத்து நறுக்கி, வதக்கும்போது ஒரு கரண்டி மோரோ புளித்தண்ணீரோ தெளித்தால் அது போய்விடும். கீரையைப் பருப்போடு கடைந்து நெய் விடலாம். முருங்கைக்காயைக் கையில் கொடுத்துவிட்டால் பல பிள்ளைகள் சட்டையெல்லாம் சாம்பாராக்கிக்கொண்டு உறிஞ்சித் தீர்க்கும். அந்தச் சட்டையைத் துவைப்பது பெரிய இழப்பில்லை.

கேரட்டைத் துருவித் தோசையிலும் பீட்ரூட்டை அரைத்துச் சப்பாத்தியிலும் ஒளித்து வைக்கும் உத்தி இப்போது பரவலாகியிருக்கிறது. சத்து உள்ளே போகிறது என்ற அளவில் அதில் தவறில்லை. ஆனால் பிள்ளை பீட்ரூட்டைச் சாப்பிடக் கற்றுக்கொள்வதில்லை, சப்பாத்தியைத்தான் கற்றுக்கொள்கிறது. ஒளித்தது தெரிந்துவிட்டால் சப்பாத்தியின் மீதும் சந்தேகம் வரும். பீட்ரூட் போட்டுத்தான் செய்தேன் என்று சொல்லிக் கொடுப்பதே நல்லது.

பழத்துக்கு இத்தனை பாடு தேவையில்லை, பிள்ளைகள் இனிப்பை விரும்பியே பிறக்கிறார்கள். தமிழ்நாட்டில் பழம் என்றால் மெழுகு பூசிய ஆப்பிள் என்று ஆகிவிட்டதுதான் வருத்தம். ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி கொண்ட கொய்யா தள்ளுவண்டியில் கிடைக்கிறது. பூவன், கற்பூரவல்லி, சிறுமலை, கன்னியாகுமரியின் மட்டி என வாழையிலேயே ஒரு வாரத்துக்கு ஏழு ருசி காட்டலாம். கீரையும் பருப்பும் தரும் இரும்பை உடம்பு ஏற்றுக்கொள்ள வைட்டமின் சி உதவுகிறது; எனவே சாப்பாட்டோடு ஒரு துண்டு கொய்யாவோ நெல்லிக்காயோ இருந்தால் இரட்டைப் பலன். நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திராட்சையை நெடுக்காக வெட்டித்தான் தர வேண்டும், பச்சைக் கேரட்டைத் துருவியோ வேக வைத்தோ தர வேண்டும், நாவல், இலந்தை ஆகியவற்றின் கொட்டையை எடுத்துவிட வேண்டும். தொண்டையில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து.

இவை எல்லாவற்றையும் அம்மா ஒருத்தியே செய்ய வேண்டும் என்று எண்ணிக்கொண்டிருக்கும் அப்பாக்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ‘இன்னைக்கும் சுரைக்காயா?’ என்று அலுத்துக்கொண்டு, வத்தக்குழம்பும் அப்பளமுமாகச் சாப்பிட்டு எழும் அப்பாவைப் பார்க்கும் பிள்ளை வேறு எதைக் கற்கும்? குழந்தை சாப்பிடக் கற்பது பார்த்துத்தான். அதுவும் கருவிலேயே தொடங்கிவிடுகிறது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களிலோ பாலூட்டும் காலத்திலோ கேரட் சாறு குடித்த தாய்மாரின் குழந்தைகள், பின்னர் கேரட் சுவையுள்ள உணவை எளிதாக ஏற்றுக்கொண்டதை ஜூலி மெனெல்லா 2001இல் பிலடெல்பியாவில் கண்டறிந்தார். நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியம் என்ற பெயரில் காய்களை மாதக்கணக்கில் விலக்கி வைக்கிறோம். அந்தப் பட்டியலை இனியாவது சுருக்க வேண்டும்.

முற்றத்தில் நிலாச்சோறு உருட்டிப் போட்ட பாட்டிகளைப் பற்றி ஏக்கத்தோடு பேசுகிறோம். அங்கே வேலை செய்தது நிலா மட்டும் அல்ல, சுற்றி உட்கார்ந்த பிள்ளைகளும்தான். பக்கத்தில் இருப்பவன் கை நீட்டினால் இவனும் நீட்டுவான். இதையும் பர்ச் 1980இலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார். ஒரு காயை விரும்பும் குழந்தையை, வேறு காயை விரும்பும் மூன்று நான்கு பிள்ளைகளோடு மதிய உணவுக்கு உட்கார வைத்தார். நான்கே நாளில் அந்தக் குழந்தையின் விருப்பம் மற்றவர்களின் காய்ப் பக்கம் சாய்ந்தது. பெரியவர்கள் பேசி முடிக்காததைச் சக வயதுப் பிள்ளைகள் தின்று காட்டி முடித்தார்கள்.

இங்கேதான் தமிழ்நாட்டுக்கு வேறெந்த மாநிலத்துக்கும் குறையாத வாய்ப்பு இருக்கிறது. 1956இல் காமராஜர் மாநிலமெங்கும் கொண்டுவந்த மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி மறு ஆண்டே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்த காலை உணவுத் திட்டம், 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள். நாள்தோறும் லட்சக்கணக்கான பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து ஒரே உணவை ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள். காய் தின்னப் பழக்க இதைவிடச் சிறந்த இடம் கிடையாது.

ஏழை வீடுகளுக்கு இது இன்னும் அவசியம். பத்து முறை வையுங்கள் என்று சொல்வது எளிது. துப்பிய காய்க்கும் காசு கொடுத்தாக வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் குடும்பங்களிடையே ஆய்வு செய்த சமூகவியலாளர் கேட்லின் டேனியல், வருமானம் குறைந்த பெற்றோர் வீணாகிவிடும் என்ற அச்சத்தால் பிள்ளை ஏற்கெனவே விரும்பும் உணவையே வாங்குகிறார்கள் என்று 2016இல் எழுதினார். நாள்கூலியில் அடுப்பெரியும் நம்மூர் வீட்டுக்கும் இது பொருந்தும். பிள்ளைக்கென்று தனியாகச் சமைக்காமல், பெரியவர்கள் தட்டிலிருந்தே ஒரு துண்டை எடுத்து வைத்தால் வீட்டில் நட்டம் குறையும். ஆனால் பழக்கும் செலவின் பெரும்பகுதியைப் பொதுச் சமையற்கூடம்தான் தாங்க முடியும்.

அந்தச் சமையற்கூடத்துக்கு நாம் கொடுப்பது எவ்வளவு? மதிய உணவுத் திட்டத்தின் தேசிய அளவுகோலின்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் காய்கறி. உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்த அளவு, இரண்டு முதல் ஐந்து வயதுக்குக் காயும் பழமுமாகக் குறைந்தது 250 கிராம், ஆறு முதல் ஒன்பது வயதுக்கு 350 கிராம். ஒரு வேளை உணவே நாள் முழுத் தேவையையும் நிரப்ப வேண்டியதில்லை என்பது சரி. ஆனாலும் ஏழில் ஒரு பங்கு மிகக் குறைவு. பழத்துக்கோ தனி ஒதுக்கீடே இல்லை. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு மாற்றாக வாழைப்பழம் தருவதோடு சரி. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. முந்தைய கணக்கெடுப்பில் இருந்ததைவிட இது அதிகம். சத்துணவுக்கு முன்னோடி என்று பெருமை பேசும் மாநிலம் இந்த எண்ணைக் கடந்து போய்விட முடியாது.

ஒன்றை மட்டும் பெற்றோர் கவனத்தில் வைக்க வேண்டும். எடை ஏறாமல் நிற்பது, நான்கைந்து உணவுகளைத் தவிர எதையும் தொடாதது, விழுங்கும்போதெல்லாம் குமட்டுவது போன்றவை சாதாரண அடம் அல்ல. குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். மற்றபடி, எடை ஒழுங்காக ஏறுகிறதா என்று அங்கன்வாடி வளர்ச்சி அட்டையில் பார்த்துவிட்டால் பாதிக் கவலை தீரும்.

மீண்டும் பள்ளிச் சாப்பாட்டுக்கு வருவோம். முட்டை சாப்பிடும் பிள்ளைக்கும் வாரத்தில் இரண்டு நாளாவது ஒரு வாழைப்பழமோ கொய்யாவோ கொடுங்கள், காய்கறி அளவை 50 கிராமிலிருந்து 100 கிராமாக்குங்கள் என்று அரசிடம் கேட்பது பெரிய கோரிக்கை அல்ல. உழவர் சந்தைகளிலிருந்தும் உள்ளூர் விவசாயிகளிடமிருந்தும் நேரடியாக வாங்கினால் அவர்களுக்கும் நிலையான வருமானம் உண்டு. ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பெற்றோரைக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளியில் அடுத்த கூட்டம் நடக்கும்போது போய், இந்த வாரம் சாம்பாரில் என்ன காய், எத்தனை கிலோ போட்டார்கள் என்று கேளுங்கள். பழம் வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதி, நிறைவேற்றி அனுப்பி வையுங்கள்.